ஒன்றிலிருந்து ஐந்து வரை

கருத்தாய்வுத் தாள் வந்திருக்கிறது,
உயர்நிலை மூன்றில் எல்லா வகுப்புக்கும்.
பெயர் எழுத வேண்டாமாம்.
என் கையெழுத்தைத் திருவாட்டி கோமளா
இருட்டிலும் கண்டுபிடிப்பார், அது வேறு விஷயம்.

‘நான் படிப்பது ஏனென்றால்’ என்று தொடங்கிப்
பன்னிரண்டு வரிகள்.
நல்ல வேலை கிடைக்க.
பெற்றோர் பெருமைப்பட.
பின்தங்கிவிடுவேனோ என்ற பயத்தில்.
ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள்,
முற்றிலும் மறுக்கிறேன் முதல்
முற்றிலும் ஏற்கிறேன் வரை.

ஹுவி மின் எல்லாவற்றுக்கும் நான்கைத் தீட்டிவிட்டு
மேசையில் கன்னம் வைத்துத் தூங்குகிறாள்.
நேற்றிரவு பத்தரை வரை அவளுக்குத் துணைப்பாடம்,
மாதம் முந்நூற்று இருபது வெள்ளி.
ஃபிர்தவுஸ் கட்டங்களைக் கோடிழுத்து இணைத்து
ஒரு பாம்பு செய்துகொண்டிருக்கிறான்.
நல்ல பாம்பு.

நான் ஏழாவது வரியில் நிற்கிறேன்.
‘கற்பது எனக்குப் பிடித்திருப்பதால்.’

பிடித்திருந்தது.
ஒருமுறை.
போன மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை.
சுவா சூ காங்கில் எங்கள் புளோக்கின் மின்தூக்கி பழுது.
மஞ்சள் தடுப்புக்கு அந்தப் பக்கம்
இரண்டு பேர் கதவைத் திறந்துவைத்து வேலை செய்தார்கள்.
வீடு பதினோராவது மாடி.
முதுகில் செங்கல் மாதிரி பை.
படியேற மனமில்லாமல் நின்றவள்
முதல்முறையாக உள்ளே பார்த்தேன்.

பிறந்ததிலிருந்து நான் ஏறி இறங்கும் பெட்டி
எங்கோ மேலே நகர நகர,
இரும்புப் பாளங்கள் அடுக்கிய இன்னொன்று
சுவரோரமாகக் கீழே வந்தது,
அவசரமே இல்லாமல்.
பொத்தான் கிடையாது, கதவு கிடையாது.
இத்தனை வருடமும் அது அங்கேயே இருந்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்து அம்மா வேலைக்குப் புறப்பட்டு
பதினொரு மாடியும் படியிறங்கி, மூச்சு வாங்க வந்து,
“இன்னும் மேலே போகலையா நீ?” என்றார்.
நான் ஏற, அவர் இறங்க.
இதைக் கட்டுரையில் எழுதினால்
தமிழாசிரியர் இருபதுக்குப் பதினாறு போடுவார்.
சத்தியமாக நான் அம்மாவை நினைக்கவில்லை.
அந்த இரும்பைத்தான் நினைத்தேன்.
எவ்வளவு கனம் இருக்கும்?
பெட்டிக்குச் சமமா?
அப்படியென்றால் பதின்மூன்று பேர் நெருக்கி நின்றால்?
ஒருவருமே இல்லாவிட்டால்?

அன்றிரவு இயற்பியல் புத்தகத்தை
யாரும் சொல்லாமல் திறந்தேன்.
முழுதாய் விளக்கம் கிடைக்கவில்லை.
ஒரு படம், இரண்டு அம்புக்குறி,
மீதியைக் கடை ரசீதின் பின்பக்கம்
நானே போட்டுப் பார்த்தேன்.
மூன்று முறை தப்பு.
நான்காவது முறை தெரிந்தது:
ஆள் நிறைந்த பெட்டியைவிட
காலிப் பெட்டியைக் கீழே இறக்கத்தான்
மோட்டார் பாடுபட வேண்டும்.
இரும்பு அதை மேலே இழுத்துக்கொண்டே இருக்குமே!
தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு அம்மா கதவைத் திறந்தார்.
“நாளைக்குப் பரீட்சையா?”
“இல்லம்மா.”
“பிறகு எதுக்கு விளக்கு எரியுது?”

என்ன சொல்வது என்று தெரியாமல்
விளக்கை அணைத்தேன்.

அடுத்த வாரம் தேர்வில்
இருபத்தைந்துக்குப் பதினொன்று.
ஒளிவிலகல் வந்திருந்தது.
இரும்பைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.
ரசீதை அம்மா குப்பையில் போட்டுவிட்டார்,
மீன் வாங்கிய ரசீதாம்.

“ஐந்து நிமிடம்” என்கிறார் திருவாட்டி கோமளா.
ஏழாவது வரியில் ஐந்தைத் தீட்டினால் பொய்.
ஒன்றைத் தீட்டினாலும் பொய்.
மூன்று, ‘உறுதியாகச் சொல்ல முடியவில்லை’.
பாதி தீட்டிவிட்டு நிறுத்துகிறேன்.

அன்றைக்கு எண்ணினேனே,
அந்தப் பெட்டியைத் தூக்க ஆறு கயிறுகள்.
ஒன்றே தாங்காதா?
தாங்கும் என்றால்
மற்ற ஐந்தும் அங்கே
என்ன செய்கின்றன?